தானியங்கிச் சேமிப்பு: படத் திருத்த மென்பொருளில் அதன் பலமும் பலவீனமும்

படத் திருத்த மென்பொருளில் செய்யும் வேலை, சேமிக்கும்வரை கணினியின் ரேமில் மட்டுமே இருக்கிறது. தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும், முகத்திலிருந்து நீக்கிய ஒவ்வொரு பருவும், புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு லேயரும் அங்கேதான் குவிகின்றன. மின்சாரம் போனாலும், மென்பொருள் கிராஷ் ஆனாலும், கணினி ஹேங் ஆகி அசையாமல் நின்றாலும் ரேமில் இருந்தது போய்விடும். கடைசியாக டிஸ்கில் எழுதப்பட்ட நிலை எதுவோ அது மட்டும் மிஞ்சும். இந்த இழப்பைக் குறைக்க, பயனரின் கட்டளைக்குக் காத்திராமல் மென்பொருள் தானே அவ்வப்போது வேலையை டிஸ்கில் எழுதி வைக்கும் ஏற்பாடுதான் தானியங்கிச் சேமிப்பு.

இதை ஒரே வசதியாகவும், தீங்கே இல்லாத வசதியாகவும் எண்ணுவது பொதுவழக்கம். நடைமுறையில் இந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று ஒவ்வாத சில முறைகள் இயங்குகின்றன. ஒரு மென்பொருள் மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி எழுதுகிறது. இன்னொன்று மூலக் கோப்பின் மேலேயே எழுதுகிறது. மூன்றாவது, படத்தை விட்டுவிட்டுச் செய்த மாற்றங்களின் பட்டியலை மட்டும் பதிவுசெய்கிறது. ஒரு முறை தடுக்கும் இழப்பை மற்றொன்று தானே உண்டாக்கக்கூடும். ஆகவே இந்த வசதியை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை பறிபோகாமல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே இருந்த நிலை பறிபோகாமல் இருக்கிறதா என்பது இரண்டாவது. பெரும்பாலான மென்பொருள்கள் முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கின்றன, இரண்டாவதில் தடுமாறுகின்றன.

படவேலையின் தனித்தன்மை

எழுத்துக் கோப்பைத் தானாகச் சேமிப்பது பழைய, எளிய காரியம். 1980களிலிருந்து புழக்கத்தில் உள்ள ஈமேக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி, 300 விசை அழுத்தங்களுக்கு ஒருமுறையோ, தட்டச்சு நின்று சுமார் 30 விநாடி கழிந்தோ, ஒரு தனிக் கோப்பில் பிரதி எழுதும். மூலக் கோப்பைத் தொடாது. 300 பக்க நாவல் ஒன்றின் வெறும் எழுத்து ஓரிரு மெகாபைட்டைத் தாண்டாது என்பதால், எழுதி முடிப்பது பயனருக்குத் தெரிவதே இல்லை.

படத்தின் கணக்கு வேறு. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பத்துக்கு வழக்கமாக வடிவமைக்கப்படும் 12×36 அங்குலத் தாளை எடுத்துக்கொள்ளலாம். 300 டி.பி.ஐ. அடர்த்தியில் அது 3,600×10,800 பிக்சல். மொத்தம் 3 கோடியே 88 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் வீதம் பார்த்தால் ஒரே லேயருக்கு ஏறத்தாழ 117 மெகாபைட். ஒளிபுகும் பகுதிகளுக்கான நான்காவது பைட்டையும் சேர்த்தால் 155 மெகாபைட். தாள் முழுவதையும் நிரப்பும் லேயர்கள் 10 இருந்தால் சுருக்காத அளவு ஒன்றரை ஜிகாபைட்டைத் தாண்டும். மணமக்கள் படம், பின்னணி, பூவேலை, நிழல், பெயரெழுத்து என்று அடுக்கினால் 10 லேயர் என்பது பெரிய எண்ணிக்கையல்ல. எல்லா லேயரும் தாளை நிரப்புவதில்லை என்பதே ஓர் ஆறுதல்.

எடை மட்டுமல்ல, இழப்பின் தன்மையும் வேறு. அழிந்த பத்தியை நினைவிலிருந்து ஓரளவுக்குத் திரும்ப எழுதலாம்; சில நேரம் இரண்டாம் முறை எழுதுவது முதலில் எழுதியதைவிட நன்றாகவும் வரும். பறக்கும் முடிக்கற்றையைப் பின்னணியிலிருந்து பிரிக்க இழை இழையாகப் போட்ட மாஸ்க்கையோ, கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த தோல் நிறத்தையோ அப்படியே மறுபடி செய்ய முடியாது. கைவேகமும் கண்ணின் தீர்ப்பும் சேர்ந்து உருவானது எண்களாக நினைவில் நிற்பதில்லை. கோப்பு பெரிதாக ஆகச் சேமிக்கப் பிடிக்கும் நேரமும் கூடும். காத்திருக்க மனமில்லாமல் பயனர் கண்ட்ரோல்-எஸ் அழுத்துவதைத் தள்ளிப்போடுவார். இழந்தால் அதிகம் வலிக்கும் வேலைதான் மிகக் குறைவாகச் சேமிக்கப்படுகிறது. தானியங்கிச் சேமிப்பின் தேவை இங்கிருந்து பிறக்கிறது.

வழக்கத்தில் உள்ள முறைகள்

முதல் முறை மீட்புப் பிரதி. 1990இல் வெளிவந்த போட்டோஷாப்புக்கு இந்த வசதி கிடைக்க 22 ஆண்டுகள் ஆயின. 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் அது சேர்ந்தது. இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, திறந்திருக்கும் ஆவணத்தின் பிரதி தற்காலிகத் தரவுக்கு ஒதுக்கப்படும் ஸ்கிராட்ச் டிஸ்கில் உள்ள ஒரு தனி ஃபோல்டரில் எழுதப்படும். இடைவெளியை 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை மாற்றிக்கொள்ளலாம். கிராஷுக்குப் பிறகு மென்பொருளைத் திறந்தால் அந்தப் பிரதி, மீட்கப்பட்டது என்ற குறிப்போடு தானே திறக்கும். மூலக் கோப்பு பழையபடி இருக்கும். இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவும் இதே வழியில், மறைகோப்பாக ஒரு தனிப் பிரதியை எழுதுகிறது.

இரண்டாவது முறை நேரடி எழுத்து. பயனர் திறந்த கோப்பிலேயே மாற்றங்கள் தொடர்ந்து எழுதப்படும். சேமிப்புப் பொத்தானே இருக்காது, இருந்தாலும் அதற்கு வேலை குறைவு. ஐபேடில் இயங்கும் புரோகிரியேட் இவ்வகை. மேக் கணினியில் 2011இல் வந்த லயன் இயங்குதளம் இதே வழியைப் பொதுவழக்கமாக்க முயன்றது.

மூன்றாவது, செயல்களைப் பதிவுசெய்யும் முறை. 2007இல் அடோபி வெளியிட்ட லைட்ரூம் மூலப் படத்தின் ஒரு பிக்சலையும் மாற்றுவதில்லை. வெளிச்சம் இவ்வளவு கூட்டப்பட்டது, ஓரம் இவ்வளவு வெட்டப்பட்டது என்ற விவரங்கள் மட்டும் கேட்டலாக் என்னும் தரவுத்தளத்தில் உடனுக்குடன் எழுதப்படுகின்றன.

நான்காவதாக ஒரு குறுக்குவழி உண்டு. கிம்ப் மென்பொருள் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, கிராஷ் ஆகும் தருணத்தில் சேமிக்கப்படாத படங்களை அவசரமாக எழுதிவைக்கப் பார்க்கிறது. அடுத்த முறை திறக்கும்போது அவற்றைத் தருகிறது. சாதாரண நேரத்தில் டிஸ்குக்கு வேலையே இல்லை என்பது இதன் இலாபம். மின்சாரம் போனால் எழுத அவகாசமே கிடைக்காது என்பது இதன் வெளிப்படையான ஓட்டை. நினைவகம் சிதைந்ததால் வந்த கிராஷ் என்றால், அதே நினைவகத்திலிருந்து எழுதும் பிரதியும் சிதைந்திருக்க வாய்ப்புண்டு.

பலம்

தானியங்கிச் சேமிப்பின் முதல் நியாயம் மனிதக் கவனத்தின் எல்லை. வேலையில் ஆழ்ந்திருப்பவர்தான் சேமிக்க மறப்பார். ஆழ்ந்திருக்கும் நேரத்தில்தான் அரிய வேலையும் நடக்கிறது. அடிக்கடி கண்ட்ரோல்-எஸ் அழுத்தும் பழக்கம் நல்ல பழக்கம். அதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ள முடியாது. மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1995இல் வெளியிட்ட 'அபவுட் ஃபேஸ்' நூலில் இதை வடிவமைப்புக் குறையாகவே காட்டினார். ரேமில் ஒரு பிரதி, டிஸ்கில் ஒரு பிரதி என்பது இயந்திரத்தின் உள்விவகாரம். அதைப் பயனரின் தலையில் கட்டுவது தவறு என்பது அவர் வாதம். மேக்கின் தொடக்கக் கர்த்தாக்களில் ஒருவரான ஜெஃப் ரஸ்கின், 2000இல் வந்த 'தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்' நூலில் இன்னும் ஒரு படி போனார். ஐசக் அசிமோவின் ரோபோ விதியின் சாயலில், பயனரின் வேலைக்குக் கணினி கேடு செய்யவும் கூடாது, சும்மா இருந்து கேடு நேர விடவும் கூடாது என்பதை வடிவமைப்பின் முதல் விதியாக வைத்தார்.

இரண்டாவது பலம், இழப்புக்கு ஓர் உச்சவரம்பு கிடைப்பது. 10 நிமிட இடைவெளி என்றால் அதிகபட்ச இழப்பு 10 நிமிட வேலை. சராசரியாகப் பார்த்தால் 5 நிமிடம். தானியங்கிச் சேமிப்பு இல்லாதபோது இந்த வரம்பு பயனரின் மறதியைப் பொறுத்தது. அரை நாளாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, இன்னும் பெயரிடாத கோப்புக்குக் கிடைக்கும் காப்பு. புதிய ஆவணத்தைத் திறந்து, முயன்று பார்க்கலாம் என்று தொடங்கி, அதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடுவது வடிவமைப்பாளர்களுக்கு வாடிக்கை. அத்தகைய ஆவணத்துக்கு டிஸ்கில் முந்தைய நிலை என்று எதுவுமே கிடையாது. கிராஷ் ஆனால் மிஞ்சுவது வெறுமைதான். மீட்புப் பிரதி முழுப்பயன் தருவது இங்கேதான்.

நான்காவது, கையடக்கக் கருவிகளின் கட்டாயம். ஐபேட் போன்றவற்றில் பின்னணிக்குப் போன செயலியை, நினைவகம் போதாதபோது இயங்குதளம் முன்னறிவிப்பின்றி மூடிவிடும். ஓவியர் ஒரு செய்தியைப் படிக்க வேறு செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் இது நடக்கலாம். சேமிக்கவா என்று கேட்டு நிற்க அங்கே இடமில்லை. ஆகவே தானியங்கிச் சேமிப்பு இல்லாமல் அந்தக் கருவிகளில் படவேலை நடத்த முடியாது.

இடைவெளியும் எடையும்

குறைகளில் முதலாவது நேரம். மேலே சொன்ன ஒன்றரை ஜிகாபைட் ஆல்பத் தாளை, விநாடிக்கு 100 மெகாபைட் எழுதும் சாதாரண ஹார்ட் டிஸ்கில் எழுத 15 விநாடி ஆகும். சேமிக்கும் நேரத்தில் மென்பொருள் கையைக் கட்டிப்போட்டால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 15 விநாடி என்று 8 மணி நேர வேலையில் 48 தடவை நிற்க வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு 12 நிமிடம். வாரத்துக்கு ஒரு கிராஷ் என்று வைத்தால், சராசரியாக அரை மணி நேர இழப்பைத் தவிர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருப்பில் போகும். இந்தக் கணக்கில் தானியங்கிச் சேமிப்பு நட்டம்தான். அதனால்தான் சி.எஸ்.6 பதிப்பில் மீட்புப் பிரதியோடு, வேலை நடக்கும்போதே பின்னணியில் சேமிக்கும் வசதியும் சேர்ந்தே வந்தது. பின்னணிச் சேமிப்பு இல்லாவிட்டால், பெரிய கோப்புகளில் வேலை செய்பவர்கள் மீட்பு வசதியை எரிச்சலில் நிறுத்திவிடுவார்கள்.

எழுதும் வேகம் டிஸ்கை மட்டும் பொறுத்ததல்ல. போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பைச் சுருக்கி எழுதுவதே நேரம் பிடிக்கும் வேலை, வேகமான எஸ்.எஸ்.டி. இருந்தாலும் சுருக்கும் வேகம்தான் தடையாக நிற்கும். சுருக்காமல் எழுதும் விருப்பத்தை போட்டோஷாப் தருகிறது: நேரம் மிச்சம், இடம் செலவு. பி.எஸ்.டி. வடிவத்துக்கு 2 ஜிகாபைட் என்ற மேல்வரம்பும் இருப்பதால், சுருக்காமல் எழுதுபவர்கள் பெரிய ஆவணங்களுக்கான பி.எஸ்.பி. வடிவத்துக்குச் சீக்கிரமே போக நேரும்.

அடிக்கடி எழுதினால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுக்கோப்பும் 48 தடவை எழுதப்பட்டால் நாளுக்கு 72 ஜிகாபைட். மொத்தம் 150 டெராபைட் எழுதத் தாங்கும் என்று மதிப்பிடப்பட்ட சிறிய எஸ்.எஸ்.டி. கூட இந்த வேகத்தில் 2,000 வேலை நாளுக்கு மேல் தாங்கும். ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஏறத்தாழ 7 ஆண்டு. தேய்மானத்தைக் காரணம் காட்டி மீட்பு வசதியை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

எடை தரும் உண்மையான தொல்லை வேறொன்று: மிகத் தேவைப்படும் இடத்தில் வசதி விலகிக்கொள்வது. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில், சிக்கலான ஆவணங்களுக்கு மீட்புப் பிரதி எடுப்பதை நிறுத்தும் விருப்பம் இருக்கிறது. வேகம் குறையாமல் இருக்க அது உதவும். ஆனால் கிராஷ் ஆக வாய்ப்பு அதிகமுள்ளதும், திரும்பச் செய்ய நாள் பிடிப்பதும் சிக்கலான ஆவணங்களே. போட்டோஷாப்பிலும் இதையொத்த முரண் உண்டு. மீட்புப் பிரதியும் தற்காலிகத் தரவும் ஒரே ஸ்கிராட்ச் டிஸ்கைப் பகிர்வதால், வேலை பெருத்து டிஸ்க் நிரம்பும்போது பிரதிக்கும் இடமில்லாமல் போகும்.

இணையத்தில் சேமிக்கும் மென்பொருள்களில் எடை இன்னும் கடுமையாகத் தெரியும். ஒரு ஜிகாபைட் கோப்பை, விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் ஏற்ற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 நிமிட இடைவெளிக்குள் ஒரு பிரதி ஏறி முடியாது. மாறிய பகுதிகளை மட்டும் பிரித்து அனுப்பத் தெரிந்த மென்பொருளுக்கே இது சாத்தியம். ஒத்திசைக்கப்படும் ஃபோல்டரில் வைத்து வேலை செய்தால், ஒவ்வொரு சேமிப்பும் ஒரு பெரிய பதிவேற்றமாக மாறி இணைப்பையே அடைத்துவிடுகிறது.

மீட்புப் பிரதியின் எல்லைகள்

மீட்புப் பிரதி மூலக் கோப்பைத் தொடாதது என்பதால் பழைய நிலைக்கு அதனால் ஆபத்தில்லை. அதன் எல்லைகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

ஆவணத்தில் பதிந்த மாற்றத்தை மட்டுமே பிரதியில் எழுத முடியும். போட்டோஷாப்பின் லிக்விஃபை சாளரத்தில் ஒருவர் முகவெட்டையும் உடையின் மடிப்பையும் அரை மணி நேரம் மெல்ல மெல்லத் தள்ளிச் சரிசெய்கிறார் என்று கொள்ளலாம். ஓகே அழுத்தும்வரை அந்த மாற்றம் எதுவும் ஆவணத்துக்குப் போகாது. இடையில் கிராஷ் ஆனால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிரதி எடுக்கும்படி அமைத்திருந்தும் அரை மணி நேரமும் போய்விடும். லிக்விஃபையில் வலைச்சட்டகத்தைத் தனியே சேமிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பயன்படுத்துபவர்கள் சிலரே. தானியங்கிச் சேமிப்பு இயங்குகிறது என்ற நம்பிக்கைதான் இத்தகைய நேரத்தில் ஏமாற்றுகிறது.

மீட்புப் பிரதி இயந்திரக் கோளாறுக்கு மட்டுமே மருந்து. மனிதத் தவறுக்கு அல்ல. மாலையில் அவசரமாக மூடும்போது, சேமிக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று கை தவறி அழுத்தினால், மென்பொருள் அதைப் பயனரின் முடிவாக எடுத்துக்கொண்டு மீட்புப் பிரதியையும் சேர்த்து அழித்துவிடும். பயனரின் சொல்லை மதிப்பது சரிதான்; அதை அதே நொடியில் நிறைவேற்றுவதுதான் பிழை. குப்பைத் தொட்டிக்குப் போன கோப்பே சில நாள் அங்கே கிடக்கும்போது, மீட்புப் பிரதிக்கு அந்த அவகாசம் இல்லை.

மீட்டெடுத்த கோப்பில் செய்த வேலை திரும்பும். வேலை நடந்த வழி திரும்பாது. ஹிஸ்டரி பேனலில் இருந்த படிகள் ரேமோடு போய்விடும். இரண்டு படி பின்னால் போய் வேறு மாதிரி முயலலாம் என்று வைத்திருந்தவருக்கு அது முடியாமல் போகிறது.

கடைசியாக, பிரதி எழுதப்படுவது அதே கணினியில். டிஸ்க் பழுதானால் மூலமும் பிரதியும் சேர்ந்தே போகும். பலரும் புழங்கும் கணினியில் வேறொரு கவலையும் உண்டு: கிராஷுக்குப் பின் எஞ்சிய பிரதியில் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படமோ குடும்பப் படமோ இருக்கலாம், அடுத்து மென்பொருளைத் திறப்பவர் முன்னால் அது தானே வந்து நிற்கும்.

மூலத்தின் மேல் எழுதுவது

நேரடி எழுத்து முறை, மீட்புப் பிரதியின் பல குறைகளைத் தீர்க்கிறது. பிரதி எங்கே என்று தேட வேண்டாம். மூடும்போது கேள்வி இல்லை. கை தவறி இழக்க வழியில்லை. ஆனால் வேலியே பயிரை மேயும் ஆபத்து இந்த முறையில்தான் இருக்கிறது.

கண்ட்ரோல்-எஸ் அழுத்தும் செயலில் இரண்டு நோக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, இதுவரை செய்தது போய்விடக்கூடாது என்பது. மற்றொன்று, இதுவரை செய்தது எனக்குச் சரி என்று ஒப்புக்கொள்வது. முதலாவதை இயந்திரம் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது பயனருக்கு மட்டுமே உரியது. எழுத்துவேலையில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். படவேலையில் முயற்சியும் நிராகரிப்பும்தான் தொழிலே: கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது, பாதியை வெட்டிப் பார்ப்பது, நிறத்தை மாற்றிப் பார்ப்பது, பிடிக்காமல் விட்டுவிடுவது. சேமிக்காமல் மூடுவதையே பலர் ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். நேரடி எழுத்து அந்தக் கருவியைப் பறித்துவிடுகிறது.

லயன் இயங்குதளத்தில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அதில் 'சேவ் ஆஸ்' என்ற கட்டளை நீக்கப்பட்டு, 'டூப்ளிகேட்' வந்தது. பழக்கதோஷத்தில் ஒருவர் பிரிவியூ செயலியில் ஒரு பெரிய புகைப்படத்தைத் திறந்து, மின்னஞ்சலில் அனுப்ப 800 பிக்சல் அகலத்துக்குச் சிறிதாக்கி, பிறகு 'சேவ் ஆஸ்' தேடுவார். அதற்குள் மூலப் படமே சிறிதாகி எழுதப்பட்டிருக்கும். ஆப்பிள் இதை உணர்ந்தே 'வெர்ஷன்ஸ்' என்ற வசதியையும் சேர்த்து வைத்திருந்தது. பழைய நிலைகள் தனியே காக்கப்பட்டன, திரும்பப் போகவும் முடிந்தது. ஆனால் அந்தப் பழைய நிலைகள் அந்த டிஸ்கோடு கட்டுண்டவை. கோப்பை நகலெடுத்து அனுப்பினால் அவை கூட வராது. அந்த வசதியைத் தாங்காத வெளி டிரைவ்களில் அவை நிலைக்கவும் மாட்டா. 2012இல் வந்த அடுத்த பதிப்பில் 'சேவ் ஆஸ்' மறைவாகத் திரும்பி வந்தது. மூடும்போது கேட்டுக்கொள்ளும்படி மாற்றும் விருப்பமும் அதில் சேர்ந்தது. இயங்குதளம் ஒன்று ஏறத்தாழ ஓராண்டில் தன் நிலையிலிருந்து பாதி இறங்கி வந்ததற்குக் காரணம், பயனரின் முடிவை இயந்திரம் எடுத்துக்கொண்டதுதான்.

புரோகிரியேட்டில் ஆபத்து இன்னும் நேரடியானது. மூன்று விரலால் திரையைத் தேய்த்தால் நடப்பு லேயர் முழுதும் அழியும். அது வேண்டுமென்றே வைத்த சைகை. தவறி அழிந்தால் இரு விரலால் தட்டி மீட்கலாம். 250 படி வரை பின்னால் போக முடியும். ஆனால் ஓவியத்தை மூடி கேலரிக்குத் திரும்பிவிட்டால் அந்தப் படிகள் கழிந்துவிடும். அழிந்த நிலை மட்டும் ஓவியமாக நிற்கும். விடாமல் சேமிப்பதும் நிலையற்ற அன்டூவும் சேரும்போது, தவறும் வேலையைப் போலவே பத்திரமாகச் சேமிக்கப்படுகிறது. பழைய நிலைகளைக் காக்காத தானியங்கிச் சேமிப்பு பாதி ஏற்பாடே.

கோப்பு வடிவமும் இதில் சேர்கிறது. ஜேபெக் கோப்பில் லேயர் தங்காது. சுருக்கும்போது தரமும் கொஞ்சம் குறையும். ஒரே அமர்வில் பலமுறை சேமிப்பதால் இந்தத் தரக்குறைவு கூடிக்கொண்டே போகாது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் ரேமில் உள்ள சுருக்காத படத்திலிருந்தே எழுதப்படுகிறது. மூடித் திறந்து மறுபடி எழுதும்போதுதான் குறை சிறுகச் சிறுகச் சேரும். கிம்ப் 2012இல் வெளியிட்ட 2.8 பதிப்பில், சேமித்தல் என்றால் எல்லா லேயரும் தங்கும் எக்ஸ்.சி.எஃப். வடிவம் மட்டுமே என்றும், ஜேபெக் போன்றவை ஏற்றுமதி என்றும் பிரித்தது. பழகியவர்கள் பலர் முணுமுணுத்தாலும் இந்தப் பிரிவினை சரியானது. தானியங்கிச் சேமிப்பு எழுத வேண்டியது எதையும் இழக்காத வேலைக் கோப்பை மட்டுமே.

செயல்களைப் பதிவுசெய்வது

லைட்ரூம் காட்டிய வழி இரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தருகிறது. மூலப் படம் தொடப்படாததால் பழைய நிலை போவதில்லை. மாற்றங்கள் சில எண்களே என்பதால், 40 மெகாபைட் படத்தில் செய்த திருத்தமும் சில கிலோபைட்டுக்குள் அடங்கி, கண்ணிமைப்பதற்குள் எழுதப்பட்டுவிடும். இடைவெளி என்பதே இல்லை. மூடித் திறந்தாலும் செய்த படிகளின் பட்டியல் கேட்டலாக்கில் இருக்கும். ஓராண்டு கழித்தும் எந்தப் படிக்கும் திரும்பலாம்.

இதன் பலவீனம், எல்லாம் ஓரிடத்தில் குவிவது. பல்லாயிரம் படங்களின் திருத்தமும் ஒரே தரவுத்தளக் கோப்பில் கிடக்கிறது; அது சிதைந்தால் மூலப் படங்கள் எஞ்சும், உழைப்பு எஞ்சாது. லைட்ரூம் மூடும்போது கேட்டலாக்கைக் காப்புப் பிரதி எடுக்கவா என்று அவ்வப்போது கேட்பது இதனால்தான். திருத்த விவரங்களை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தனிச் சிறுகோப்பாக எழுதும் விருப்பமும் உண்டு. பயனர் அதை இயக்கினால்தான் நடக்கும். மறுபுறம், காப்புப் பிரதி எடுக்கப்படுவது கேட்டலாக் மட்டுமே, படங்கள் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எல்லாப் படவேலையையும் இப்படி எண்களாக எழுதிவிட முடியாது. வெளிச்சம், நிறம், வெட்டு போன்றவை எளிதில் அடங்கும். ஆயிரக்கணக்கான தூரிகை இழுப்புகளால் ஆன ஓவியத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவது கணினிக்குப் பெருஞ்சுமை. போட்டோஷாப் 1996இல் கொண்டுவந்த அட்ஜஸ்ட்மென்ட் லேயரும், 2005இல் கொண்டுவந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும், கிம்ப் 2025இல் வெளியிட்ட 3.0 பதிப்பின் மாற்றியமைக்கக்கூடிய ஃபில்டர்களும் இந்த முறையைப் பிக்சல் வேலைக்குள் ஓரளவு கொண்டுவந்த முயற்சிகளே.

அளவுகோல்கள்

மேற்சொன்னவற்றிலிருந்து, ஒரு மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பை மதிப்பிடச் சில அளவுகோல்கள் தெளிகின்றன. பயனர் ஒப்பும்வரை மூலக் கோப்பைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால், மூடிய பிறகும் நிலைக்கும் பழைய பதிப்புகளைக் காக்க வேண்டும். புதிய பிரதியை முழுதாக எழுதி முடித்த பின்பே பழையதை நீக்க வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் ஏதாவது ஒன்று முழுதாக இருக்க வேண்டும். பின்னணியில் எழுத வேண்டும். கடைசியாக எப்போது எழுதியது என்பதையும், எழுத முடியாமல் போனதையும் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். சேமிக்க வேண்டாம் என்று மூடிய வேலையின் பிரதியைச் சில நாளாவது வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், பெரிய ஃபில்டரை இயக்கும் முன்னும் லேயர்களை இணைக்கும் முன்னும் பிரதி எடுத்தால் இன்னும் நல்லது. கிராஷும் வருத்தமும் அதிகம் நேர்வது அந்த இடங்களில்தான்.

இந்த அளவுகோல் அனைத்தையும் நிறைவேற்றும் மென்பொருள் அரிது. எஞ்சிய இடைவெளியைப் பயனரின் பழக்கம்தான் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் முடிந்ததும் புதிய எண்ணிட்ட பெயரில் சேமிப்பது அத்தகைய பழக்கங்களில் முதன்மையானது. கிரிட்டாவில் அதற்கென்றே எண்ணை ஏற்றிச் சேமிக்கும் கட்டளை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பப் படத்தைச் சிறிதாக்குவதானால், முதலில் டூப்ளிகேட் எடுத்துக்கொண்டு அதில் செய்ய வேண்டும். மின்தடை உள்ள ஊரில் யு.பி.எஸ். தரும் சில நிமிடம் கையால் ஒருமுறை சேமிக்கப் போதும். டிஸ்க் பழுதிலிருந்து காக்க, புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். தானியங்கிச் சேமிப்பு இந்த மூன்று பிரதிகளில் ஒன்றாகக் கூடக் கணக்கில் வராது.

வேலையின் வகையைப் பொறுத்துத் தேர்வும் மாறும். திருமண விழாவில் எடுத்த ஆயிரம் படங்களுக்கு நிறம் சரிசெய்வதற்குச் செயல்களைப் பதிவுசெய்யும் முறையே சிறந்தது; கேட்டலாக்குக்குத் தனிக் காப்புப் பிரதி இருந்தால் போதும். பல லேயர்கள் கொண்ட நீண்ட வேலைக்கு, மூலத்தைத் தொடாத மீட்புப் பிரதியும் எண்ணிட்டுச் சேமிக்கும் பழக்கமும் சேர்ந்தே பாதுகாப்பு. டேப்லெட்டில் வரையும் ஓவியத்துக்கு நேரடி எழுத்து தவிர்க்க முடியாதது. பெரிய மாற்றத்துக்கு முன் கேலரியில் ஒரு டூப்ளிகேட் எடுத்துக்கொள்வது அதன் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். மூன்றிலும் இழக்காமல் காப்பது மென்பொருளின் பொறுப்பாகவும், எந்த நிலை சரி என்று தீர்மானிப்பது பயனரின் உரிமையாகவும் இருக்கும்வரை தானியங்கிச் சேமிப்பு நன்மை தரும்.